மார்கழி சைக்கிளுக்கு மச்சான் சிபாரிசு

சேசு மரி சூசை துணை

பாப்பாரப்பட்டி,
ஜனவரி 1987 தொடக்கம், மார்கழி.

பெருமதிப்பிற்குரிய மச்சான் அருள்சாமி அவர்களின் சமூகத்திற்கு, உங்கள் தங்கை புருஷன் ஸ்தனிஸ்லாஸ் பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் ஞானமேரியும் கறவை மாடும் ஆண்டவர் கிருபையால் சௌக்கியம். பெங்களூரில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சளி, இருமல் ஏதுமின்றி இருக்க வேண்டுமென்று தினமும் பூசையில் வேண்டிக்கொள்கிறோம். தினமும் என்று எழுதுவது தப்பு. இந்த வாரம் நான் பூசைக்குப் போகவில்லை, காரணம் சைக்கிள் இல்லை. இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

சைக்கிள் களவு போகவில்லை. வாசலில்தான் நிற்கிறது, பூட்டோடு. அதன் சாவி உங்கள் தங்கையின் கழுத்தில் ஜெபமாலையோடு சேர்ந்து தொங்குகிறது. நான் சாவியைக் கேட்டால் அவள் சிலுவையைத் தூக்கிக் காட்டுகிறாள். சிலுவையைப் பார்த்த பிறகு எந்தக் கிறிஸ்தவன் சண்டை போடுவான்? "பனிக்காலத்துல இந்த மனுசன் சைக்கிள் ஓட்டலாமுன்னு எங்கண்ணன் ஒரு வரி எழுதட்டும், அன்னிக்கே சாவியத் தர்றேன்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நான் ஹைவேஸில் ரோடு இன்ஸ்பெக்டராக இருந்து ரிடையர் ஆனவன். இந்தத் தாலுகாவில் எந்த ரோட்டில் எவ்வளவு ஜல்லி, எவ்வளவு தார் என்று எனக்குத் தெரியும். என்னைக் கேட்காமல் பெங்களூரிலிருக்கும் உங்களைக் கேட்கச் சொல்கிறாள். போகட்டும், நீங்கள் பெரியவர். உங்களுக்கு விவரம் புரிய வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். படித்துவிட்டு நியாயத்தைச் சொல்லுங்கள்.

சைக்கிள் ஓட்டுவதற்கென்றே ஆண்டவர் படைத்த மாதம் மார்கழிதான் மச்சான். சித்திரையில் ஓட்டினால் தார் இளகி டயரைப் பிடித்துக்கொள்ளும். ஐப்பசியில் மழைத் தண்ணி நின்று ரோடு எது, ஏரி எது என்று தெரியாது. மார்கழியில் வியர்வை கிடையாது, புழுதி கிடையாது. ராத்திரிப் பனி இறங்கி மண்ணை அமுக்கி வைத்திருக்கும். ஊர் நாய்களெல்லாம் சாம்பல் மேட்டில் சுருண்டு கிடக்கும், துரத்த எழுந்திருக்காது. பனியிலும் எனக்கென்று ஒரு பனி உண்டு. சைக்கிள் பெல்லே தெரியாத பனி எனக்கு ஆகாது, அது முட்டாள்கள் ஓட்டும் பனி. பனியே இல்லாத வெறுங்குளிரும் பிடிக்காது, காது வலிக்கும். ஒரு புளியமரத்திலிருந்து அடுத்த புளியமரம் வரைக்கும் மட்டும் ரோடு தெரிகிற பனி ஒன்று இருக்கிறதே, அதுதான் என் பனி. மங்கி குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு, மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, டைனமோ விளக்கு முனக மெதுவாக மிதித்தால், மரம் ஒவ்வொன்றாக நம்மிடம் வந்து நின்றுவிட்டுப் போகும். அந்த நேரத்தில் எனக்கு இடுப்புவலி கிடையாது, பென்ஷன் கவலை கிடையாது.

பனியில் ஆள் தெரியாதே என்று உங்கள் தங்கை வாதம் செய்கிறாள். தெரியாமல் என்ன? போன மாதம் கோயிலுக்குப் போகும்போது எதிரில் வெள்ளையாக உயரமாக ஒருவர் வந்தார். பங்குச் சாமியார்தான் அங்கியோடு வருகிறார் என்று உடனே இறங்கி, குல்லாவைக் கழற்றி, "தோத்திரம் சாமி" என்றேன். கிட்டே வந்ததும் பார்த்தால் மாரப்பன் வீட்டு வெள்ளை எருது. ஆனால் எருதுக்குப் பின்னாலேயே சாமியாரும் வந்துகொண்டிருந்தார், ஆசீர்வாதமும் கொடுத்தார். ஆக, என் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே போனதே தவிர தப்பவில்லை.

அடுத்து ரோடு. தர்மபுரி ரோட்டில் இருக்கிற பள்ளம் அத்தனையும் எனக்கு மனப்பாடம். அரசமரத்து வளைவு தாண்டியதும் இடது பக்கம் ஒரு பள்ளம், அதை என் சர்வீஸ் காலத்திலேயே அடைக்கச் சொல்லி எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. கண்ணை மூடிக்கொண்டே அதை ஒதுக்கி வலது பக்கம் ஒடிப்பேன். போன வாரம் அப்படி ஒடித்தேன், நேராகப் போய் ஒரு பள்ளத்தில் இறங்கினேன். விடிந்ததும் போய்ப் பார்த்தால், நான் ரிடையர் ஆனதும் அந்தப் பழைய பள்ளத்தை அழகாக அடைத்துவிட்டு, அதற்கு மண்ணெடுத்த இடத்தில் வலது பக்கம் புதுப் பள்ளம் வைத்திருக்கிறார்கள். இதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? விழுந்தும் பெரிய காயமில்லை, ஏனென்றால் நான் ஓட்டுவது எங்கள் மகள் ராஜமேரி கல்யாணமாகிப் போகும்போது விட்டுப்போன லேடீஸ் சைக்கிள். முழங்கால் வலிக்கு பார் தாண்ட முடியவில்லை என்று அதை எடுத்துக்கொண்டேன். விழுகிற சமயத்தில் பார் இல்லாத வண்டிதான் சௌகரியம், பாதி விழும்போதே இறங்கிவிடலாம்.

இனி ஞானஸ்நானத்தன்று நடந்ததைச் சொல்கிறேன். ஞானமேரி உங்களுக்கு ஒருவிதமாக எழுதியிருப்பாள், நடந்தது இதுதான். உங்கள் சித்தப்பா மகள் லூர்துமேரியின் குழந்தைக்கு தர்மபுரிக் கோயிலில் ஞானஸ்நானம், நான்தான் ஞானத்தகப்பன். ஞானமேரி பஸ்ஸில் வருவதாகவும் நான் முன்னாடியே சைக்கிளில் போவதாகவும் ஏற்பாடு. ஏற்பாடு என்றால், "பஸ்ஸுல வாங்க" என்று அவள் சொன்னாள், நான் கிளம்பிவிட்டேன். அன்றைக்குப் பார்த்து என் பனி, அளவெடுத்த மாதிரி. அறுவடைக் காலமாதலால் ரோடு முழுக்கக் கொள்ளுக்கொடியைப் பிடுங்கிக் கொண்டுவந்து பரப்பியிருந்தார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்கினால் காய் வெடித்துக் கொள்ளு உதிர்ந்துவிடும், களத்தில் மாடு பூட்டுகிற வேலை மிச்சம் என்று நம் ஜில்லாவில் பண்ணுகிற காரியம்தானே. சர்வீஸில் இருந்தவரை இதை எதிர்த்து நான் நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன். ரிடையர் ஆன பிறகுதான் அதில் சைக்கிள் ஓட்டுகிற சுகம் தெரிந்தது. மெத்தை மேல் போகிற மாதிரி இருக்கும், சத்தமே வராது, பச்சைக் கொடி வாசனை மூக்கைத் துளைக்கும். விழுந்தாலும் அடிபடாது. இதைவிட நல்ல ரோடு தார்க்காரனால் போட முடியாது.

விழுந்தாலும் அடிபடாது என்பதை அன்றைக்கே பரீட்சை பார்த்தாகிவிட்டது. கொடி செயினில் சுற்றிக்கொண்டது, வண்டி நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. எழுந்திருக்கப் போனேன். பனிக்குள்ளிருந்து ஒரு குரல், "ஐயா ஐயா, எந்திரிக்காதீங்க, கொள்ளு செதறும்!" பார்த்தால் சென்னம்மாள், எங்கள் மாட்டுக்குப் புல் போடுகிறவள். அவள் வந்து என்னைச் சுற்றிலும் கொள்ளைக் கூட்டித் தள்ளிய பிறகுதான் எழுந்திருக்க உத்தரவு கொடுத்தாள். செயினில் சுற்றிய கொடியைப் பிடுங்கிவிட்டு, "பனியில பஸ்ஸு எங்கியோ நின்னுபோச்சுங்க. விடியறதுக்கு முன்னாடி வந்து எடம் புடிச்சுப் பரப்பினேன், ஒரு சக்கரம்கூட ஏறல. உழுந்ததுதான் உழுந்தீங்க, மேலயும் கீழயுமா நாலு ஓட்டு ஓட்டிட்டுப் போங்களேன்" என்றாள். நான் ஞானத்தகப்பன், அவசரமாகப் போக வேண்டும் என்றேன். "பஸ்ஸு வராம உங்க வூட்டம்மா மட்டும் எப்டிங்க போவாங்க? அவங்க வர்ற வரைக்கும் ஓட்டுங்க" என்றாள். நியாயம்தானே மச்சான்? அதில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

ஓட்டினேன். முதலில் அவளுக்காக ஓட்டினேன், பிறகு எனக்காகவே ஓட்டினேன் என்பதை உங்களிடம் மறைப்பானேன். இந்தக் கோடியில் திரும்பி அந்தக் கோடி, அந்தக் கோடியில் திரும்பி இந்தக் கோடி. பக்கத்துப் பெண்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். "ஓரமா ஓட்டுங்க, ஓரத்துல அப்பிடியே கெடக்குது", "எங்க கொடியிலயும் ரெண்டு ஏத்துங்க" என்று ஆளுக்கு ஒரு உத்தரவு. காய் வெடிக்கிற சத்தம் டயருக்கடியில் கேட்கும்போது ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், வேலையில் இருந்த நாளில்கூட அப்படி வந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஹாரன் சத்தம் காதில் விழவில்லை, மங்கி குல்லாவும் ஒரு காரணம். திரும்பிப் பார்த்தால் பஸ் நிற்கிறது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஜன்னலுக்கு வெளியே தலை. முன் ஜன்னலில் உங்கள் தங்கை, பட்டுப்புடவையில். "அந்த ஆளு யாருங்க, காலங்காத்தால ரோட்டுல சர்க்கஸ் காட்டறாரு?" என்று கண்டக்டர் கேட்க, "அந்தக் கண்றாவி எங்கூட்டுக்காரருதான்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். சைக்கிளை பஸ் டாப்பில் ஏற்றினார்கள், என்னை உள்ளே ஏற்றினார்கள். ஞானஸ்நானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சாமியார் புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் குழந்தையைக் கையில் வாங்கினேன். அது என் மஃப்ளரிலிருந்து ஒரு கொள்ளுக்கொடியை உருவி வாயில் வைத்தது. லூர்துமேரி சிரித்தாள், சாமியார் சிரித்தார், குழந்தையும் சிரித்தது. ஞானமேரி சிரிக்கவில்லை. திரும்பி வந்த கையோடு சாவி கழுத்தில் ஏறிவிட்டது.

மச்சான், வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். ரிடையர் ஆன நாள் முதல் என்னை யாரும் எங்கேயும் எதிர்பார்ப்பதில்லை. மார்கழிக் காலையில் சைக்கிளில் ஏறினால் மட்டும் நான் எங்கேயோ போக வேண்டியவன் மாதிரி இருக்கிறது. தை பிறந்தால் பனி விட்டுப்போகும், கொள்ளையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குள் உங்கள் வரி வந்து சேர வேண்டும். "பனிக்காலத்தில் சைக்கிள் ஓட்டுவது உடம்புக்கு நல்லது, கொள்ளுக்கொடி ரோடு பத்திரமானது, விழுந்தாலும் அடிபடாது" என்று எழுதினால் போதும். உங்கள் கையெழுத்து அவளுக்கு வேதவாக்கு.

அக்காவுக்கு எங்கள் தோத்திரம். பிள்ளைகள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்ததாகச் சொல்லவும். மாதாவின் நிழல் உங்கள் வாசலை விட்டு விலகாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பதிலையும் சாவியையும் எதிர்நோக்கும்
ஸ்தனிஸ்லாஸ்

பி.கு.: மேலே கண்டதை எழுதி ஒரு வாரமாகிறது. எங்கள் வீட்டில் கடிதத்தை ஒட்டுவதற்கு முன் வாசித்துக் காட்டுவது வழக்கம். எருது விஷயத்தை விட்டுவிட்டு, ரோடு, பனி பற்றிய பாகத்தை மட்டும் நல்ல சத்தமாக, உருக்கமாக வாசித்தேன். ஞானமேரி கண் கொட்டாமல் கேட்டாள். மனம் இளகிவிட்டது என்று நினைத்துக் கையை நீட்டினேன். சாவியைக் கழற்றினாள், ஆனால் என் கையில் கொடுக்கவில்லை. "உழுந்தாலும் அடிபடாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. மெத்தை மாதிரின்னும் எழுதியிருக்கீங்க. கத்துக்க இதவிட ரோடு எங்க கெடைக்கும்? வண்டியும் பொம்பளைங்க வண்டிதானே" என்றாள்.

மறுநாள் விடிகாலையே மங்கி குல்லாவோடு கிளம்பிவிட்டாள், என் மங்கி குல்லா. சென்னம்மாள் கேரியரைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் கொடியைத் தடிமனாகப் பரப்ப, ஏழெட்டுத் தடவை விழுந்து எழுந்தாள். நான் எழுதியது உண்மைதான் மச்சான், அடிபடவில்லை. இப்போது கேரியரை யாரும் பிடிப்பதில்லை. நான் ரோட்டோரம் புளியமரத்தடியில் காபி கூஜாவோடு நிற்கிறேன். அவள் பனிக்குள் போனால் திரும்பி வரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. பனிக்குள்ளிருந்து அவள் சிரிக்கிற சத்தம் மட்டும் வருகிறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பிரேக் பிடிக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறாள்.

ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. பனிக்காலத்தில் சைக்கிள் மகா ஆபத்து, கொள்ளுக்கொடி வழுக்கும், புளியமரப் பனியில் ஒன்றுமே தெரியாது என்று காட்டமாக, அண்ணன் என்ற முறையில் எழுதுங்கள், தந்தியே அடித்தாலும் சரி. இந்தப் பின்குறிப்பை அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. என்ன எழுதுகிறீர்கள் என்றாள், அக்காவை விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன், முடித்ததும் ஒட்டிவிடுவேன்.

தபாலாபீசில் போட அவளே சைக்கிளில் எடுத்துக்கொண்டு போகிறாள். கடிதம் உங்கள் கைக்குக் கிடைத்தால், விழாமல் போய்ச் சேர்ந்தாள் என்று தெரிந்துகொள்ளவும்.