ஜாம்பி பேசக்கூடாது

சடையங்குப்பம் சரோஜாவை இன்றைக்கு எப்படியும் தீர்த்துக் கட்டிவிடுவது என்று ஜெயவேல் பல் விளக்கிக்கொண்டே முடிவு செய்தான். யாரும் பதற வேண்டாம். சரோஜா உயிருள்ள பெண் அல்ல, ஜெயவேல் எழுதும் ஜாம்பிக் கதைகளின் கதாநாயகி. ஆனால் அந்தக் கொலைக்குக் குறுக்கே உயிருள்ள பெண் ஒருத்தி நின்றாள். அவள் பெயர் அம்மு. ஜெயவேலின் மனைவி.

ஜெயவேலுக்குப் பிழைப்பு எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில். வாசலில் நின்று லாரி நம்பர் குறிக்கும் வேலை. லாரிகள் வரிசை கட்டி நிற்கும், நகராது. அவை நகராத நேரத்தில் இவன் செல்போனில் கதை எழுதுவான். செத்த பிணம் எழுந்தால் எப்படி நடக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு நாள் வரிசையில் கிடந்த டிரைவர் டீ குடிக்க இறங்கி வருவதைப் பார்த்தாலே போதும். மூலக்கொத்தளம் சுடுகாட்டிலிருந்து பிணங்கள் எழுந்து வந்து ராயபுரத்தைக் கடிப்பதாக ஒரு கதை எழுதி, கதை படிக்கிற செயலி ஒன்றில் போட்டான். படித்தவன் அடுத்தவனுக்கு அனுப்ப, அவன் இன்னொருத்தனுக்கு அனுப்ப, அந்தக் கதையும் ஜாம்பி மாதிரியே பரவிவிட்டது.

எழுதும் முறை என்ன என்று யாராவது கேட்டால், "தனியா கடலைப் பார்த்து உக்காருவேன், தானா வரும்" என்பான். சுத்தப் பொய். காசிமேடு ஹவுசிங் போர்டில், இரண்டாவது மாடியில், அம்மு வெங்காயம் உரிக்கும்போது எதிரில் உட்காருவான். அவள் கேள்வி கேட்பாள்.

"ஏய்யா, ஜாம்பிய கொசு கட்ச்சா கொசுவும் ஜாம்பி ஆயிடுமா?"

"தெர்லியேமே."

"மூலக்கொத்தளத்துலருந்து எய்ந்து வர்றவன் நேரா அவன் வூட்டுக்குத்தான போவணும்? எதுக்குக் கண்டவன் வூட்டுக்கெல்லாம் போய்க்கினு கீறான்?"

"பசி."

"பசிச்சா பொண்டாட்டி கைலதான்யா வந்து நிப்பான். நீ வந்து நிக்கல?"

மறுநாள் கதையில் ஒரு ஜாம்பி தன் சொந்த வீட்டுக் கதவைத் தட்டும். உள்ளேயிருந்து சரோஜா இதே கேள்வியைக் கேட்பாள். படித்தவர்கள் ஆஹா ஓஹோ என்பார்கள். கதையில் கதாநாயகன் ஒருவனும் உண்டு. கேப்டன் விக்ராந்த். ஆறடி உயரம், கையில் துப்பாக்கி, முகத்தில் ஜெயவேலின் மீசை. "துப்பாக்கி வெச்சிருக்காரே, அவரு யாரு?" என்று நாலாவது பாகத்தில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஜெயவேல் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அன்றைக்கே சரோஜாவின் ஆயுள் முடிந்துபோனது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நினைத்தவுடன் கொன்றுவிட முடியாது. ஒரு பேட்டியில் அவனே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தான். "என் வூட்ல நடக்காதது என் கதைல நடக்காது. ஒவ்வொரு சீனையும் வூட்ல டெஸ்டு பண்ணிட்டுத்தான் எழுதுவேன்" என்று. அது மட்டும் உண்மை. ஜெயவேல்தான் ஜாம்பி, அம்முதான் சரோஜா. ஜாம்பி பேசாது, முட்டியை மடக்காது, ஓடாது. இதில் ஒன்றை மீறினாலும் அது ஜாம்பி இல்லை, மனுஷன். சமையலறைக்குள் வந்து ஜாம்பியின் கை சரோஜாமேல் பட்டால் சரோஜா காலி.

இதுவரைக்கும் பட்டதில்லை. முதல் முறை வந்தபோது அம்மு கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பற்றி ஜெயவேல் பேச விரும்புவதில்லை. அடுத்த முறை மிளகாய் வறுத்தாள். ஜாம்பி தும்மித் தும்மி வாசலில் விழுந்தது.

"ஜாம்பிக்கு மூச்சே கெடயாதும்மே! மொளகா நெடி ஒண்ணும் பண்ணாது!" என்று வாதாடினான்.

"மூச்சில்லாமதான் இத்தினி தும்மல் தும்முனியா?"

அதோடு அந்த வழக்கு முடிந்தது.

இன்றைக்குக் கடைசி வாய்ப்பு. பன்னிரண்டு மணிக்கு எழில்மொழி என்ற பெண் வரப்போகிறாள். புத்தகங்களைப் பற்றி வீடியோ போடுகிறவள். 'அடுத்து என்ன எழுதப்போகிறீர்கள்' என்று கேட்பாள். 'சரோஜா சாகிறாள்' என்று அவன் அறிவிக்க வேண்டும். அதற்குள் டெஸ்டில் ஜெயித்தாக வேண்டும்.

"அவள ஏன்யா சாவடிக்கணும்?" என்றாள் அம்மு.

"கதைக்கு முடிவு வேணும்மே. பெர்ய சாவா ஒண்ணு வேணும்."

"அந்த விக்ராந்து சாவட்டும்."

"அவன் செத்தா யாருக்கும் தெரியாதுமே."

அம்மு சிரிக்கவில்லை. அவளுக்கு மெய்யாகவே கண் கலங்கியது. "நான் பேசுனா இந்த வூட்ல எவன் காதுல வாங்குறான்? அதயே அவ பேசுனா ஊரே கேக்குது. அவள வுட்டுருய்யா."

ஜெயவேலுக்கு ஒரு கணம் மனசு ஆடியது. பெண்டாட்டி கண் கலங்கினால் எவனுக்குத்தான் ஆடாது? ஆனால் எழுத்தாளன் மனசைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தான். கல்லாக்கிக்கொண்டான்.

"நீ ஜெயிச்சா அவ சாவ மாட்டா. எந்தக் கதைலயும் சாவ மாட்டா. அட்த்த கதை இன்னான்னுகூட நீயே சொல்லு. நான் ஜெயிச்சா அவ காலி. இன்னா, சரியா?"

"சரி. எப்போ வருவ?"

"ஜாம்பி சொல்லிக்கினா வரும்?"

அம்மு கண்ணைத் துடைத்துக்கொண்டு, விடிகாலையில் துறைமுகத்தில் வாங்கி வந்திருந்த கொடுவா மீனை ஆய உட்கார்ந்தாள். ஜெயவேல் கண்ணாடி முன்னால் நின்று தலையை வாரினான். வாரியதை அவனே கலைத்தான். மறுபடி வாரினான். அவன் மனசில் இருந்த திட்டம் சாமானியத் திட்டம் இல்லை. பதினொரு மணிக்குத் தண்ணி லாரி வரும். காசிமேட்டில் லாரி ஹாரன் அடித்தால் பெண்கள் அடுப்பையும் பார்க்க மாட்டார்கள், ஆண்டவனையும் பார்க்க மாட்டார்கள். அம்மு இரண்டு கையிலும் தண்ணியோடு படியேறுவாள். கஞ்சிப் பானையைத் தூக்கக் கை இருக்காது. பின்னாலேயே போய், சமையலறைக்குள் அவள் குடத்தை இறக்கும்போது முதுகில் ஒரு தட்டு. முடிந்தது சரோஜாவின் சகாப்தம்.

பத்தே முக்காலுக்குப் படிக்கட்டுக்கு அடியில் சைக்கிள்களுக்கு நடுவே ஜெயவேல் ஜாம்பி ஆனான். முகத்தில் பவுடர். வாயோரம் பீட்ரூட் சாறு. பனியனைக் கிழிக்க வேண்டியிருக்கவில்லை, அது ஏற்கெனவே அந்த நிலைமையில்தான் இருந்தது. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களைக் கொக்கி மாதிரி வளைத்துக்கொண்டு நின்றான்.

ஹாரன் அடித்தது. குடமும் பக்கெட்டும் உருள, தெருவே இறங்கி ஓடியது. அம்முவும் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கெட் தண்ணியோடு திரும்பி வந்தாள். ஜாம்பி முட்டி மடக்காமல் வெளியே வந்தது.

"ழ்ழ்ர்ர்ர்."

அம்மு நின்றாள். கத்தவில்லை. நீட்டிய கைகளைப் பார்த்தாள். வளைந்த விரல்களைப் பார்த்தாள். ஜவுளிக்கடையில் துணியின் தரம் பார்ப்பது போல ரொம்ப ஆர்வமாகப் பார்த்தாள். பிறகு ஜாம்பியின் வலது கையில் ஒரு பக்கெட்டை மாட்டினாள். இடது கையில் இன்னொன்றை மாட்டினாள்.

"நட" என்றாள்.

ஜெயவேல் திகைத்தான். தண்ணியைக் கீழே வைக்கலாம் என்றால் குனிய வேண்டும், முட்டி மடங்கும். சிந்தலாம் என்றால் அது லாரித் தண்ணி. காசிமேட்டில் பிறந்தவன் ரத்தம் சிந்துவான், லாரித் தண்ணி சிந்த மாட்டான். 'இது ஆட்டத்தில் இல்லை' என்று சொல்லலாம் என்றால் ஜாம்பி பேசக்கூடாது. சரி, போகிற இடம் சமையலறைதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் படியேறினான்.

சமையலறைக்குள்ளும் போய்விட்டான். இத்தனை நாள் எட்டாத இடம்! அம்மு கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள். ஆனால் கை எங்கே இருக்கிறது? இரண்டிலும் பக்கெட். அவள் பக்கெட்டுகளை டிரம்மில் கவிழ்த்தாள். கையில் மாட்டியிருந்தபடியே கவிழ்த்தாள். பிறகு பக்கெட்டின் அடியைப் பிடித்தே அவனை வாசல் பக்கம் திருப்பிவிட்டாள்.

"இன்னும் டிரம்மு பாதிகூட ரொம்பல."

மூன்றாவது நடையில் மேல்மாடி ரமாபாய் எதிரே வந்தாள். "இன்னாடி அம்மு, உன் வூட்டுக்காரருக்கு இன்னா ஆச்சி?"

"ஜாம்பி ஆயிட்டாருக்கா."

"வேலை செஞ்சிகினு கீறாரே?"

"அதான்க்கா சொல்றேன். உசுரோட இருந்தப்ப ஒரு சொம்பு தூக்கல."

ரமாபாய் அவனைச் சுற்றி வந்து பார்த்தாள். "எங்க வூட்டுக்கும் ரெண்டு பக்கெட்டு தூக்குமா?"

"ழ்ழ்ர்ர்ர்ர்!" என்று ஜெயவேல் உறுமினான்.

"சரின்னு சொல்லுது, எட்த்துக்கினு போக்கா" என்றாள் அம்மு.

எழில்மொழி வந்து சேர்ந்தபோது ஜெயவேல் மூன்றாவது மாடிக்கும் லாரிக்கும் நடுவில் இருந்தான். அவள் கேள்வியே கேட்கவில்லை. செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறினாள். "சார், இதுதான் உங்க எழுதுற முறையா? சூப்பர் சார்! முட்டி வலிக்கலயா சார்?" ஜெயவேலுக்கு வலித்தது. சொல்ல முடியவில்லை.

லாரி போயிற்று. டிரம் நிரம்பிற்று. கடைசிப் பக்கெட்டை அம்மு கழற்றினாள். அப்போதுதான் ஜெயவேலுக்கு உறைத்தது, இரண்டு கையும் காலி. அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நிற்கிறாள். நடுவில் இரண்டே எட்டு. எழில்மொழி வாசலில் நின்று படம் பிடிக்கிறாள். ரமாபாய் தன் பக்கெட்டைத் தேடி வந்து நிற்கிறாள். ஒரு எட்டு வைத்தான்.

அம்மு திரும்பவே இல்லை. குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்தாள். புளியும் பூண்டும் கொடுவா மீனும் கலந்த வாசனை ஜாம்பியின் மூக்கில் ஏறியது.

"ரமாக்கா, ஒரு கிண்ணி எட்த்துக்கினு வா" என்றாள். "ஜாம்பி மீனு துன்னாது, மனுசன் மூளைதான் துன்னும். இந்தக் கொடுவா தலை வீணாப் பூடும். உன் வூட்டுக்கு எட்த்துக்கினு போ."

அந்த வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து மீன் தலை ஜெயவேலுக்குத்தான். மாமியார் வந்தாலும் அவனுக்குத்தான். கரண்டி சட்டிக்குள் இறங்கியது. தலை மேலே வந்தது. கன்னத்துச் சதையோடு, கண்ணோடு, முழுசாக.

"ஏய்! தலை எனுதுமே!" என்று கத்திவிட்டான் ஜெயவேல்.

நீட்டிய கை அம்முவின் முதுகுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அம்மு மெதுவாகத் திரும்பினாள். ரமாபாய் கிண்ணத்தால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"பேசிட்டாரு" என்றாள் எழில்மொழி. "வீடியோல இருக்கு."

பேட்டி நடந்தது. ஜெயவேல் மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முட்டி மடங்குகிற சுகத்தை அனுபவித்துக்கொண்டு, தலையைச் சாப்பிட்டான். கேள்விகளுக்கெல்லாம் அம்மு பதில் சொன்னாள். சரோஜா சாக மாட்டாள். அடுத்த கதையில் சரோஜா ஜாம்பிகளைப் பிடித்து ஊருக்கே தண்ணி தூக்க வைப்பாள். வாரத்துக்கு மூன்று பாகம் வரும். பேசும்போது அவள் முகத்தைப் பார்த்த ஜெயவேலுக்குப் பொறாமை வரவில்லை. அழகாக இருக்கிறாளே என்றுதான் தோன்றியது, அதை அவனே நம்பவில்லை.

எழில்மொழி போன பிறகு ஒரே ஒரு சந்தேகம் அவனைக் குடைந்தது. "லாரி டயத்துலதான் வருவேன்னு உனக்கு எப்டிமே தெரியும்?"

"லாரி வர்ற நேரத்துக்கு நீ என்னிக்கிய்யா வூட்ல இருந்துக்கீற? டீக்கடைக்கு ஓடிப்பூடுவ. இன்னிக்கி தலை வாரிக்கினே நின்ன."

ஜெயவேல் முள்ளைத் துப்பினான். தோற்றது தோற்றதுதான். ஆனாலும் எழுத்தாளனுக்கும் கொஞ்சம் மரியாதை வேண்டாமா? "அது சரி, வாரத்துக்கு மூணு பாகம்னு எதுக்குச் சொன்ன? ஒவ்வொண்ணையும் வூட்ல டெஸ்டு பண்ணிட்டுத்தான எழுதணும்? அது இன்னா கணக்கு, மூணு?"

அம்மு காலிப் பக்கெட்டுகளை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள்.

"லாரி வாரத்துக்கு மூணு தபாதானய்யா வருது."