சோதிலிங்கத்தின் இரும்புக் கழுத்து

இந்தச் சனிக்கிழமை யாருக்கும் தலையாட்டுவதில்லை என்று சோதிலிங்கம் முடிவெடுத்தார். கலியாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவர் சொந்தமாக எடுத்த முதல் முடிவு அது.

சனிக்கிழமை, டோர்ட்மண்டுக்குப் பக்கத்துக் கோட்டையொன்றில் மத்தியகாலச் சந்தை. பழைய போர்வீரர் வேஷம் கட்டும் ஜெர்மன்காரர் சங்கத்தில் சோதிலிங்கம் இரண்டு வருடமாக இரகசிய உறுப்பினர். இதுவரை கூடாரத்துக்கு முளை அடித்ததோடு சரி. இந்த முறை பின்னேர அணிவகுப்பில் முன்வரிசை என்று தலைவர் ஹெல்முட் வாக்குக் கொடுத்திருந்தார்.

அதே சனிக்கிழமை மனைவி கமலநாயகியின் தம்பி தம்பித்துரை வீடு மாறுகிறான். நாலாம் மாடியிலிருந்து இன்னொரு நாலாம் மாடிக்கு. இரண்டிலும் லிஃப்ட் கிடையாது. கமலநாயகியின் சொந்தத்தில் யார் வீடு மாறினாலும் அலுமாரியின் அடிப்பக்கம் சோதிலிங்கத்தின் தோளுக்குத்தான் வரும்.

அணிவகுப்புக்கென்று ஹெல்முட் மூலம் எடுப்பித்து, பக்கத்து வீட்டு விலாசத்துக்கு வரவைத்த பொதியை, புதன்கிழமை அந்த வீட்டு அம்மா ஃபிரவ் குரூகர் அவர் கையில் கள்ளமாகக் கொடுத்தார். 1450ஆம் ஆண்டு மாதிரியில் செய்த கழுத்துக் கவசம். நெஞ்சிலிருந்து நாடிவரை உருக்குத் தகடு. வியாழன் மூன்று மணிக்கு, வீட்டில் யாரும் இல்லாத நேரம், கண்ணாடிக்கு முன்னால் நின்று மாட்டினார். 'டக்' என்று பூட்டிக்கொண்டது. அடடா, என்ன கம்பீரம்! குனிய முடியவில்லை. தலையாட்டவும் முடியவில்லை. இதைப் பதினெட்டு வருடத்துக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

கழற்றப் போனார். கொளுவி அசையவில்லை. 'சின்னப் பையிலுள்ள திறப்பால் திறக்கவும்' என்று தாளில் போட்டிருந்தது. பெட்டியைக் கவிழ்த்தார். கடதாசிதான் கொட்டியது. முள்ளுக்கரண்டி வளைந்தது. ஊசி முறிந்தது. நல்லெண்ணெய் விட்டுப் பார்த்தார். அது முதுகு வழியே காற்சட்டைக்குள் இறங்கியது. மணி மூன்று ஐம்பது. நாலு மணிக்குக் கமலநாயகி வேலையால் வந்துவிடுவாள்.

படியில் சப்பாத்துச் சத்தம். குளிர்காலச் சால்வையை எடுத்து மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு சோபாவில் நிமிர்ந்து இருந்தார்.

"இஞ்சாருங்கோ, ஆனி மாதத்திலை என்ன சால்வை?"

"கழுத்து சுளுக்கிப் போட்டுது. டொக்டர் பட்டி போட்டு விட்டவர்."

"ஐயோ! இஞ்சாலை திரும்புங்கோ பாப்பம்."

"திரும்ப ஏலாது."

"டொக்டர் வேறை என்ன சொன்னவர்?"

"பாரம் தூக்கக் கூடாதாம். தம்பித்துரையை நினைக்க எனக்குச் சரியான கவலை."

"அவனை விடுங்கோ. தூக்க ஆறு பேர் வருகினம். நீங்கள் சனி முழுக்கக் கட்டிலிலை படுங்கோ. அன்னப்பிள்ளை அக்காவை எண்ணெய் போட வரச் சொல்லுறன்."

"சனிக்கிழமை கொஞ்சம் வெளிக்காத்து..."

"ஒரு காத்தும் வேண்டாம். மாட்டன் எண்டால் தலையை ஆட்டுங்கோ, பாப்பம்."

ஆட்டப் பார்த்தார். உருக்கு விடவில்லை.

"அப்ப சம்மதம்" என்றாள் கமலநாயகி.

உண்மையைச் சொன்னால் அலுமாரி. சொல்லாவிட்டால் கட்டில். இரண்டிலும் கோட்டை இல்லை. போதாததற்கு உருக்குக்குள் கழுத்து கடிக்கத் தொடங்கியது. சொறிய வழியில்லை. ஐந்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பிறகு சால்வையைப் பிடுங்கி எறிந்தார்.

"கமலா! இதைக் கழட்டிவிடும்!"

அவள் திடுக்கிடவே இல்லை. கைப்பையைத் திறந்து சின்னப் பையொன்றை எடுத்தாள். அதற்குள் திறப்பு. 'டக்'. கவசம் கழன்றது.

"திறப்பு உம்மட்டை எப்பிடி?"

"பொதி செவ்வாய்க்கிழமையே வந்திட்டுது. குரூகர் முதலிலை என்னட்டைத்தான் தந்தவ. திறப்பை எடுத்துப்போட்டு உங்களிட்டைக் குடுக்கச் சொல்லி நான்தான் திருப்பிக் குடுத்தனான். உள்ளுக்கு ஹெல்முட்டின்ரை நம்பரும் கிடந்தது. எடுத்துக் கதைச்சன். நல்ல மனிசன். சங்கத்து ஆக்கள் ஆறு பேர் சனி விடிய வந்து அலுமாரி தூக்கித் தருகினமாம்."

சோதிலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியொரு மனைவியையா இரண்டு வருடம் ஏமாற்றினோம்!

"அப்ப பின்னேரம் நான் அணிவகுப்புக்குப் போகலாம்?"

"இண்டைக்கு வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் போயிருக்கலாம். இப்ப உங்களுக்குக் கழுத்துச் சுளுக்கெல்லே."

"முன்வரிசையிலை ஆள் குறையுமே, கமலா!"

"குறையாது. தம்பித்துரைக்கும் உங்கடை கழுத்தளவுதான். அவன் போகட்டும், என்ன?"

சோதிலிங்கம் தலையாட்டினார்.