ஒற்றுமைப் பூங்காவுக்குப் போட்ட பூட்டு

வாசகரே, மனிதர்களில் 'பாதுகாப்பவர்' என்றொரு இனம் உண்டு. களவெடுக்கத் தெரியாது, கெடுதல் நினைக்கத் தெரியாது, பொதுக்காரியம் என்றால் முதல் ஆளாய் வந்து நிற்பார். பாழாய்க் கிடப்பதைப் பாடுபட்டுத் திருத்தி எடுப்பார். எடுத்த கையோடு, அதை யாரும் பாவித்துவிடாமல் காவல் இருப்பார்.

கற்பிட்டிப் பக்கத்தில் அப்படியொருவர் மர்ஸூக் காக்கா. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர். எல்லாம் போனவருக்குக் கிடைத்ததைக் கைவிட மனம் வராது. அதைக் குற்றம் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

யுத்தம் முடிந்து நாலாம் வருடம், ஆடு மேய்ந்துகொண்டிருந்த சந்திப் பூங்காவில் அவர் கண் விழுந்தது. அகதியாய் வந்த முஸ்லிம்கள், முன்பே இருந்த முஸ்லிம்கள், கத்தோலிக்கக் கோயில்காரர் என்று மூன்றாய்ப் பிரிந்து கிடந்த சனத்தை வீடு வீடாய்ப் போய் அழைத்தார். சிரமதானம் என்றதும் மீன்பிடி வள்ளங்கள் வைத்திருந்த சம்மாட்டி பஸ்தியான் தன் ஆட்களோடு மண்வெட்டி தூக்கி வந்தார், அவர் மனைவி றோசமேரி கஞ்சி காய்ச்ச, காக்காவின் மனைவி ஜுனைதா தேங்காய் திருவ, ஒரே நாளில் ஊஞ்சல் நிமிர்ந்தது, உட்காரும் வாங்குகளுக்குப் பச்சைப் பெயின்ட் ஏறியது, வாசலில் 'ஒற்றுமைப் பூங்கா' என்று பலகை ஏறியது. மறுநாள் பூட்டும் ஏறியது.

"திறப்பு விழா முடியட்டும்" என்றார் காக்கா. அமைச்சர் திகதி தந்தார். மாற்றினார். பிறகு அமைச்சரே மாறினார். எட்டு மாதம்! பின்னேரங்களில் சனம் மதிலுக்கு வெளியே நின்று சிரித்துக் கதைக்கும். காக்காவுக்கும் போய் நாலு வார்த்தை கதைக்க ஆசைதான். ஆனால் காவலை விடலாமா? "சாயாதீங்க, பெயின்ட் போகும்!" என்று உள்ளேயிருந்து சத்தம் போடுவார்.

ஜுனைதாவுக்குச் சீனி வருத்தம். தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார் டொக்டர். லொறி பறக்கிற ரோட்டில் எங்கே நடப்பது? ஒருநாள் லொறியொன்று அவள் முந்தானையை உரசிக்கொண்டு போனது. அன்று காக்கா அஸர் தொழப் பள்ளிக்குப் போன நேரம், பூட்டின் திறப்பை எடுத்துப் போய்ப் பூங்காவைத் திறந்துவிட்டாள்.

காக்கா திரும்பி வந்தபோது பாதி ஊர் வாசலில் நெருக்கியடித்தது. மரியாதையான இடத்துக்கு அவருக்குத் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்று.

"செருப்போட ஆரு உள்ளுக்குப் போறது? கழட்டுங்க! புல்லுச் செத்துப் போயிடும்!"

பள்ளிக்கும் தலவிலக் கோயிலுக்கும் போய்ப் பழகிய கால்கள். யோசியாமல் கழற்றின. எட்டு மாதம் ஆள் மிதிக்காமல் உள்ளே தழைத்திருந்தது புல் மட்டுமா? நெருஞ்சியும்தான்! "அல்லாஹ்!" என்று ஒரு பக்கம், "மாதாவே!" என்று மறுபக்கம், மூன்று கூட்டமும் ஒன்றாய் நொண்டி, ஒன்றாய்க் குந்தி, ஒரே ஊக்கைக் கைமாற்றி முள் எடுத்தன. காக்கா கண்ட கனவு அப்படித்தான் பலித்தது.

ஜுனைதா மட்டும் செருப்போடு வாசலில் நின்றாள்.

"எனக்குக் கால்ல புண் வந்தா ஆறாது, காலையே எடுக்க வேண்டி வரும் எண்டு டொக்டர் சொன்னது ஞாபகமா? சொல்லுங்க, என்ட கால் பெரிசா, உங்கட புல்லுப் பெரிசா?"

காக்கா அவள் காலைப் பார்த்தார். புல்லைப் பார்த்தார். யோசித்தார்.

யோசித்தார், வாசகரே! ஜுனைதா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. செருப்போடு, புல்லின் நட்டநடுவால் நடந்து போனாள்.

சிரிக்கிறீர்கள். நன்றாய்ச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எழுந்து போய், உங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் விருந்தாளிக்கென்று அடுக்கி வைத்திருக்கும் பூப்போட்ட கோப்பைகளை ஒருமுறை பாருங்கள். கடைசியாக அதில் தேத்தண்ணி குடித்த விருந்தாளி யார்? அவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா?