அலைமுக வீதியைக் கடந்தவர்கள்

சங்குமுனை நாட்டு மன்னர் ஒருமுறை கடல் கடந்து விருந்துக்குப் போனார். போன ஊரில் கடலோரமாக ஒரு வீதி இருந்தது. மரங்கள் எல்லாம் ஒரே உயரத்தில் நின்றன. மக்கள் கைகோத்து நடந்தார்கள், யாரும் எங்கேயும் அவசரமாகப் போனதாகத் தெரியவில்லை. மன்னர் நாடு திரும்பியதும் அழகுத்துறை என்று புதிதாக ஒரு துறையை உண்டாக்கினார். பேரருளாளர் என்பவரை அதற்கு அமைச்சராக்கி, "நமக்கும் அப்படி ஒன்று வேண்டும்" என்றார்.

தலைநகரின் கடலோரத்தில் ஏற்கெனவே ஒரு தெரு இருந்தது. அதற்குக் கடல்பக்கம் துறைக்குப்பம். மறுபக்கம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை. குப்பத்துக்காரர்கள் ஒரு நாளைக்குப் பலமுறை அந்தத் தெருவைக் கடந்தார்கள். அதை ஒரு காரியமாகவே அவர்கள் நினைத்ததில்லை.

வேலை முடிந்தபோது தெரு, அலைமுக வீதி ஆகியிருந்தது. தாமரை வடிவ விளக்குகள் வந்தன. பூப்பாத்திகள் வந்தன. சைக்கிள் பாதை ஒன்றும் வந்தது. மிச்சம் இருந்த இடத்தில் துறைமுக லாரிகளும் பேருந்துகளும் ஆட்டோக்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன.

அமைச்சர் நேரில் வந்து வெகுநேரம் பார்த்தார். "பேருந்து நிற்கிறது. அதனால் பின்னால் வருவதும் நிற்கிறது. குற்றம் நிற்பதில் இருக்கிறது" என்றார். நிறுத்தங்கள் அகற்றப்பட்டன. ஏறுவதும் இறங்குவதும் பயணிகளின் சாமர்த்தியத்துக்கு விடப்பட்டன.

வண்டிகள் வேகம் எடுத்தன. அமைச்சர் மகிழ்ந்தார். குறுக்கே நடப்பவர்களால் அந்த வேகம் கெடுவதாக அடுத்து ஓர் அறிக்கை வந்தது. சாலையைக் கடக்கப் போட்டிருந்த வெள்ளைக் கோடுகள் அழிக்கப்பட்டன. கடக்க விரும்புவோர் வீதியின் கோடிவரை நடந்து, அங்கே திரும்பி வரலாம் என்று ஆணை பிறந்தது. கோடியில் அரண்மனை மதில் வழியை அடைத்து நின்றது.

"குப்பத்து மக்கள் என்ன செய்வார்கள்?" என்று அரசவையில் ஒருவர் கேட்டார்.

"கடல் அவர்கள் பக்கம்தானே இருக்கிறது? மறுபக்கத்தில் அவர்களுக்கு என்ன வேலை?" என்றார் அமைச்சர். அவை கைதட்டியது.

துறைக்குப்பத்தில் கித்தேரியம்மாள் என்று ஒரு பெண் இருந்தாள். இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை. கணவன் இல்லை. மகள் ஸ்டெல்லா நிறைமாதம். மருமகன் கடலுக்குப் போயிருந்த ஒரு காலையில் ஸ்டெல்லாவுக்கு வலி கண்டது. கொட்டகைப் பெண்கள் அவளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பேராகத் தூக்கிக்கொண்டு வீதியோரம் வந்தார்கள். எதிரே ஆஸ்பத்திரியின் வாசல் தெரிந்தது. வாசலில் ஒருத்தர் முறுக்கு விற்றுக்கொண்டிருந்ததுகூடத் தெரிந்தது.

வண்டிகள் விடவில்லை. கித்தேரி கையைக் காட்டினாள், கும்பிட்டாள், கத்தினாள். காவலர் விசில் ஊதினார்.

"இங்க கடக்கக் கூடாதும்மா."

"புள்ள பொறக்கப் போவுதுய்யா!"

"எனக்கும் புள்ளைங்க இருக்கும்மா. ஆணை இருக்கே, நான் என்ன பண்ண?"

அவர் கெட்டவர் இல்லை. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஸ்டெல்லா நாற்காலியின் கைப்பிடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது தூரத்தில் சைரன் கேட்டது. காவலர் சட்டென்று விறைப்பானார். இரு பக்கமும் வண்டிகளை நிறுத்தினார். ஓடிக்கொண்டிருந்த வீதி அப்படியே அடங்கிப்போனது. அழகுத்துறை அமைச்சர் வருகிறார்.

"தூக்குங்கடி!" என்றாள் கித்தேரி.

நாற்காலி வீதியைக் கடந்தது. மறுகரையில் ஏறும்போது அமைச்சரின் கார் அவர்களைத் தாண்டியது. கையை ஆட்டி ஆட்டி ஓடிவந்த பெண்களைப் பார்த்த பேரருளாளர், தம்மை வரவேற்க வந்தவர்கள் என்று எண்ணி, கண்ணாடியை இறக்கிக் கையசைத்தார். நாற்காலியில் வைத்து ஒரு நோயாளியையும் தூக்கி வந்திருக்கிறார்களே என்று அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம்.

கொட்டகையில் மறுநாள் கித்தேரி இறாலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "ஏய், மந்திரி வந்தா ரோடு நிக்குது. பாத்தீங்கல்ல?"

"அவரு நெனச்சப்ப வருவாரு. நமக்காவா வருவாரு?" என்றாள் பக்கத்திலிருந்த அருளாயி.

"கூப்பிட்டுப் பாப்போமே."

குழந்தைக்குப் பெயர் வைக்கக் கூப்பிட்டார்கள். பேரருளாளர் வந்தார். சைரன் கேட்டதும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடினார்கள். மீன்கூடைகள் சந்தைக்குப் போயின. முழங்கால் வலிக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கார்கள் எல்லாம் உள்ளே வந்து சேர்வதற்குள் குப்பத்தில் பாதி ஆள் மறுபக்கம் போயிருந்தது. மாலையில் அவர் கிளம்பும்போது அத்தனை பேரும் திரும்பினார்கள்.

அதற்குப் பிறகு அழைப்புகள் ஓயவில்லை. வலைக்கூடத் திறப்பு, படகுக்குப் பெயின்ட் அடித்த விழா, காது குத்து. குழாயில் தண்ணீர் வந்ததற்குக்கூட ஒரு நன்றிக் கூட்டம் நடந்தது. பேரருளாளர் ஒன்றையும் தவறவிடவில்லை. மனைவியை இழந்தவர் அவர். பிள்ளைகள் வெளிநாட்டில். பெரிய வீட்டில் தனியாகச் சாப்பிடுபவர். தலைநகரில் அவரிடம் மனுவோடு வருபவர்கள் உண்டு, சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டவர்கள் கிடையாது. கித்தேரி வீட்டில் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து சூடைமீன் குழம்பு சாப்பிட்டார். குழந்தை அவர் மடியில் தூங்கப் பழகியது. "இந்த மக்கள் என்மேல் வைத்திருக்கும் அன்பு..." என்று அரசவையில் தொடங்கி அவரால் முடிக்க முடியாமல் போனது. மன்னர் அவருக்கு 'மக்கள் நெஞ்சர்' என்று பட்டம் கொடுத்தார்.

கித்தேரிக்கு அவ்வப்போது உறுத்தியது. "பாவம்டி, அந்த மனுசன் உண்மைன்னு நம்புறாரு" என்றாள் அருளாயியிடம்.

"உண்மையைச் சொன்னா நாளைக்குப் புள்ளைங்க எப்பிடிப் பள்ளிக்கொடம் போவும்?"

கித்தேரி அடுத்த இறாலை எடுத்து உரித்தாள்.

குழந்தையின் முதல் பிறந்தநாள் வந்தது. இவ்வளவு அன்பான மக்களிடம் காரும் சைரனுமாகப் போவது அழகல்ல என்று பேரருளாளருக்குத் தோன்றியது. சாதாரண வேட்டி சட்டை அணிந்து, ஒரு கிலுகிலுப்பை வாங்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் நடந்தே வந்தார். அலைமுக வீதியின் ஓரத்துக்கு வந்து நின்றார். அவர் அமைத்த வீதியில் அவர் நடந்து வந்தது அதுவே முதல்முறை.

வண்டிகள் விடவில்லை. காலை இறக்கினார், ஒரு லாரி உறுமிக்கொண்டு போனது. காவலர் விசில் ஊதினார்.

"பெரியவரே, கடக்கக் கூடாது. அமைச்சரோட ஆணை."

"நான்தானப்பா அந்த அமைச்சர்."

"அமைச்சர் நடந்து வரமாட்டாரு. ஓரமா நில்லுங்க."

ஓரத்தில் ஏற்கெனவே ஒரு கூட்டம் வெயிலில் நின்றது. அதில் கித்தேரியும் இருந்தாள். வண்டிகள் குறைவாக ஓடும் விடியற்காலையிலேயே, தடுப்பூசி போட, பேத்தியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவள். அவளுக்கு முதுகுப் பக்கமாக நின்றிருந்த பேரருளாளர், ஆள் தெரியாமல் கேட்டார்.

"ஏம்மா, அந்தப் பக்கம் எப்படிப் போவது?"

அவள் திரும்பாமலே சொன்னாள். "மந்திரி வரணும்யா. அவரு வந்தாத்தான் ரோடு நிக்கும். அதுக்குத்தான அவரை ஓயாமக் கூப்பிடுறோம். இன்னைக்கு எங்க போய்த் தொலைஞ்சாருன்னு தெரியல."

குழந்தை அவள் தோள்மேலிருந்து அவரைப் பார்த்துச் சிரித்துக் கையை நீட்டியது. கித்தேரி திரும்பினாள். வாயில் கையை வைத்துக்கொண்டாள்.



"அப்படியானால், இவ்வளவு நாளும் கூப்பிட்டது..." என்றார் அவர்.

கித்தேரி தலையைக் குனியவில்லை. கண் மட்டும் நிறைந்திருந்தது. "கூப்பிட்டது ரோட்டுக்குத்தான்யா. குழம்பு உங்களுக்குத்தான் வச்சேன்."

பேரருளாளர் கிலுகிலுப்பையைக் குழந்தையின் கையில் கொடுத்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு கைபேசியை எடுத்துத் தம் ஓட்டுநரை அழைத்து, காரைக் கொண்டுவரச் சொன்னார். "ஆமாம், சைரனோடு. இல்லை, நான் ஏறப்போவதில்லை. நீ வந்தால் போதும்."

சைரன் கேட்டது. வீதி இருபுறமும் நின்றது. கூட்டம் இறங்கி நடந்தது. குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக அழகுத்துறை அமைச்சரும் கடந்தார்.

"பெரியவரே, சீக்கிரம், சீக்கிரம்" என்று அவரை அதட்டிய காவலர், பின்னிருக்கை காலியாக இருந்த காருக்கு விறைப்பாக நின்று வணக்கம் வைத்தார்.