ஹேண்டலைக் கொஞ்சம் கிட்ட இழுத்தேன்

ஸ்பேனரைக் கையில் எடுத்ததும் தன்னைப் பாதி மெக்கானிக் என்று நினைக்காத ஆம்பிளை இன்னும் பிறக்கவில்லை. நான் முழு மெக்கானிக் என்றே நினைத்துவிட்டேன்.

மஹய்யாவையிலிருந்து பல்லேகலைக்கு வேலைக்குப் போய்வர ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தேன். என்னைவிட உயரமான யாருக்கோ செய்த வண்டி. ஹேண்டலைப் பிடிக்கக் குனிந்தால், யார் காலிலோ விழப் போகிறவன் மாதிரி இருப்பேன். வீட்டுக்கு வந்தால் முதுகு நிமிராது.

"கராஜ்ல குடுங்களேன்," என்றாள் என் மனைவி ஸ்டெல்லா.

"நாலு போல்ட்டுக்கு எதுக்கு கராஜ்?" (இந்த வாக்கியத்தை அவள் இன்றுவரை எனக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.)

ஃபோனில் ஒரு வீடியோ பார்த்தேன். முழுசாக இல்லை. போல்ட்டுகளைத் தளர்த்தி, ஹேண்டலை என் பக்கம் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். ஏறி உட்கார்ந்தால், அடடா, சாய்வுக் கதிரை!

மறுநாள் கெலிஓயாவில் ஸ்டெல்லாவின் பெரியப்பாவுக்கு அடக்கம். அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். முதல் இடது வளைவில் ஹோன் தானாக அலறியது. ஹேண்டலை நேராக்கியதும் நின்றது. அடுத்த இடது வளைவில் மறுபடியும். ஹோன் வயரையும் சேர்த்து நசுக்கி இறுக்கியிருக்கிறேன்!

"எதுக்கு இப்பிடி ஹோன் அடிக்கிறீங்க?"

"நான் அடிக்கல!"

"அப்ப நானா அடிக்கிறேன்?"

கண்டிப் பக்கத்தில் நேரான ரோடு எங்கே இருக்கிறது? ஒரு த்ரீவீல்காரர் தலையை வெளியே நீட்டி, சிங்களத்தில் என் பரம்பரையையே விசாரித்தார்.

செத்த வீட்டுச் சந்துக்குள் நாங்கள் நுழையும்போது பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். எதிரே ஊர்வலம். வழி விட இடமில்லை. வண்டியைத் திருப்பினேன். அவ்வளவுதான், ஊர்வலத்துக்கு நான் தலைமை.

மயானத்துப் பாதை ஒடுக்கமான ஏற்றம். அதுவும் இடது பக்கமாகவே வளைந்து வளைந்து ஏறும். ஹோன் அடங்கட்டும் என்று என்ஜினை நிறுத்தித் தள்ளிப் பார்த்தேன். வண்டி பின்னால் வந்த ஃபாதரை நோக்கி உருண்டது. ஸ்டெல்லா என்னை முன்பின் தெரியாதவள் போல கூட்டத்தில் கலந்துவிட்டாள்.

"நிக்காதீங்க தம்பி, போய்க்கிட்டே இருங்க! பெட்டி கனக்குது!" என்று தூக்கி வந்தவர்களில் ஒருவர் கத்தினார்.

போனேன். ஒவ்வொரு வளைவிலும் ஃபாதரின் ஜெபத்துக்கு மேலே என் ஹோன்தான் கேட்டது.

மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு முதியவர் விறுவிறுவென்று வந்து என் கையைப் பிடித்தார். அடிதான் விழப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அவரு ஓட்டுன பஸ்ல நான் கண்டக்டரா இருந்தவன் தம்பி," என்று விம்மினார். "எங்க டிரைவர் ஐயாவ ஹோன் அடிச்சே கூட்டிட்டு வந்தீங்களே! பெத்த புள்ளைக்குக்கூட இந்த யோசனை வரல."

சுற்றி நின்றவர்களும் அழத் தொடங்கினார்கள். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். (உண்மையைச் சொல்ல அது இடமா?) ஸ்டெல்லா மட்டும் முறைத்தாள்.

அடுத்த நாளே கராஜில் கொடுத்துச் சரிசெய்தாயிற்று. குடும்பம்தான் விடுவதாக இல்லை. எந்தச் சாவென்றாலும் முதல் ஃபோன் கோல் எனக்குத்தான். போன மாதம் ஸ்டெல்லாவின் பெரியம்மாவைப் பார்க்கப் போனோம். ஆள் நல்ல திடகாத்திரம். தேத்தண்ணி கொடுத்துவிட்டு, வாசலில் நின்ற வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"ஹோன சரி பண்ணிட்டீங்களாமே மாப்பிள்ள? என்ன அவசரம்? நான் ஒருத்தி இருக்கேன்ல?"