வாப்பாவின் சட்டைகளைக் கொடியில் போட்டது பற்றி

கடலூர் முதுநகர்
19 டிசம்பர் 2010

கண்ணியத்துக்குரிய வாப்பா அவர்களுக்கு, மகள் ஃபர்ஹானா ஸலாம் சொல்லி எழுதுவது.

வெள்ளிக்கிழமை தவறாமல் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது தனியாக ஒரு கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். போன் உம்மாவிடம் தொடங்கி பெரியம்மா, தம்பி என்று சுற்றி என்னிடம் வருவதற்குள் உங்கள் கார்டு தீர்ந்துவிடுகிறது. தீராத நாளிலும் ‘நல்லா இருக்கேன் வாப்பா’ என்பதற்கு மேல் எனக்கு வாய் வருவதில்லை. உங்கள் மச்சான் சைபுல்லா மாமா லீவு முடிந்து புதன்கிழமை தம்மாமுக்குத் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்பலாம் என்று துணிந்துவிட்டேன். அல்லாஹ்வின் காவலில் நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் உடுப்புகள்தான் சுகமில்லை.

போன மாதம் நீங்கள், ‘பிப்ரவரியில அக்ரிமென்ட் முடியுது, வந்தாலும் வருவேன், இல்லன்னா இன்னும் ரெண்டு வருசம் எழுதிக் குடுத்துடுவேன்’ என்றீர்கள். அதில் முதல் பாதி மட்டும் உம்மாவின் காதில் விழுந்திருக்கிறது. அன்று சாயங்காலமே பீரோவைத் திறந்து உங்கள் தட்டைப் பார்த்தார். நீங்கள் போனதிலிருந்து அந்தத் தட்டில் வேறு யாருடைய துணியையும் வைப்பதில்லை. திறந்ததும் நனைந்த சாக்கை ஒரு மழைக்காலம் முழுவதும் மூடி வைத்தது போல ஒரு வாடை. வெள்ளைச் சட்டைக் காலர்களில் கறுப்புக் கறுப்பாகப் பூசணம். உம்மா ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்துவிட்டு, “இத உடுத்திக்கிட்டு அவுங்க எப்படி ஜும்ஆவுக்குப் போவாங்க?” என்றார். அவருக்குத் தெரிந்த மருந்து பாச்சா உருண்டை. இரண்டு பாக்கெட்டைக் கொட்டிக் கதவைச் சாத்தினார். மக்கிய வாடை போகவில்லை, அதற்குத் துணைக்கு ஒன்று வந்ததுதான் மிச்சம். என் துணிகளும் அதே பீரோவில் மேல்தட்டில் இருப்பதால், சிதம்பரத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீசுக்கு இன்டர்வியூ போனபோது அந்த வாடையோடுதான் போனேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா எழுந்து நின்றுகொண்டே வந்தார். ஆடிட்டர் என் சான்றிதழ்களைப் பார்த்தபடியே ஃபேனை ஜாஸ்தியாக வைக்கச் சொன்னார்.

மழை விட்ட ஒருநாள் எல்லாவற்றையும் மாடிக் கொடியில் போட்டோம். அங்கேதான் புத்தி பிசகிவிட்டது. நம் தெருவில் சவூதிக்காரர் வீட்டுக் கொடியில் ஆம்பிளைச் சட்டை காய்ந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். சட்டை காய்வதற்குள் எதிர்வீட்டுத் தனம் அக்கா வஞ்சிரம் மீனோடு வந்துவிட்டார். “ஏன்டி ஃபர்ஹானா, ஒங்க வாப்பா வராராமே, எங்ககிட்டல்லாம் சொல்ல மாட்டியளோ? ஏரோபிளேனு என்னைக்கி?” அவரைத் தொடர்ந்து தைலம் வேண்டும், டார்ச் லைட் வேண்டும், மருமகனுக்கு விசா வேண்டும் என்று ஆட்கள். நீங்கள் வருகிறீர்கள் என்றும் உம்மா சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் “இன்ஷா அல்லாஹ்” என்றே பதில் சொன்னார். அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. இவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கொடியிலிருந்து அள்ளி வந்தபோது சட்டைகள் பீரோவில் இருந்ததைவிடக் கேவலமாக இருந்தன.

அப்புறம் வீட்டுக்குள்ளேயே நாற்காலிகளில் விரித்துப் போட்டு அடியில் சாம்பிராணிச் சட்டி வைத்தோம். நீலக் கட்டம் போட்ட சட்டையின் முதுகில் நாலணா அளவுக்குப் பொசுங்கிவிட்டது. “முதுவுதானே, முன்னால நின்னு பேசுனா யாருக்குத் தெரியப்போவுது” என்றார் உம்மா. புகை பிடித்தும் வாடை அடங்காததால் சூடத்தை நுணுக்கி மடிப்புகளில் தூவினார். அதுவும் போதாமல் நீங்கள் அனுப்பிய அத்தர் சீசாவை எடுத்து எல்லாச் சட்டையிலும் தடவிவிட்டார். நான் தடுத்திருக்க வேண்டும், தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்தெரு மைமூன் மாமி வாசலில் நின்றார். சாம்பிராணி, சூடம், அத்தர் மூன்றும் ஒன்றாக ஒரு வீட்டிலிருந்து வந்தால் அவர் என்ன நினைப்பார்? உள்ளே விரித்துக் கிடந்த உங்கள் சட்டைகளைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துக்கொண்டு, துக்க வீட்டுக்கு வந்தவர் போல “இன்னா லில்லாஹி” என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்து, “ஆசியா, போன் எப்பம்மா வந்துச்சு?” என்று உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். விஷயம் தெரிந்ததும் உம்மாதான் முதலில் சிரித்தார். மாமியும் சிரித்தார், வெட்கப்பட்டார், டீ குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு உம்மா அன்று முழுவதும் ஒன்றும் சாப்பிடவில்லை. ராத்திரி உங்களுக்கு மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னார். நீங்கள் திருப்பிக் கூப்பிட்டதும், “ஒண்ணுமில்ல, சும்மாதான்” என்று வைத்துவிட்டார். ஏன் கூப்பிட்டார் என்று நீங்கள் கேட்டீர்கள் அல்லவா, இதுதான்.

மறுநாள் நான் பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். சுவர் முழுக்க ஓதம். மாடித் தண்ணீர் அதன் வழியாகத்தான் இறங்குகிறது. பீரோவை அங்கிருந்து நகர்த்தாமல் என்ன செய்தும் பயனில்லை என்றேன். “அவுங்க வச்சிட்டுப் போன எடம். வந்து அவுங்களே நகத்தட்டும்” என்றார் உம்மா. எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் தம்பியைக் கூப்பிட்டு இரண்டு பேருமாக எதிர்ச்சுவருக்கு இழுத்துவிட்டோம். பீரோவைத் துடைத்துக் காயவைத்தேன். சட்டைகளை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்தபோது உம்மா எட்டிப் பார்த்து, “என்னடி, ஒங்க வாப்பா சட்டைய ஊறுகா போடுறியா?” என்றார். பிறகு சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில், யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று கொடியிலேயே காயப்போட்டோம். ஒரு கிண்ணத்தில் அடுப்புக்கரியும் வைத்திருக்கிறேன். இப்போது பீரோவில் ஒரு வாடையும் இல்லை. உங்கள் சட்டைகள் இஸ்திரி போட்டு அடுக்கித் தயாராக இருக்கின்றன. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். ஒவ்வொரு தொழுகையிலும் உங்களுக்காக துஆ கேட்கிறோம்.

உங்கள் மகள்,
ஃபர்ஹானா

பி.கு. ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதிய சட்டைகள் எதுவும் இப்போது வீட்டில் இல்லை. நேற்று சைபுல்லா மாமா வந்திருந்தார். உம்மா தன் தம்பிக்குப் பெருமையாகப் பீரோவைத் திறந்து காட்டினார். “லாத்தா, இது யாருக்கு? மச்சானுக்கா? கப்ஸா சோறு தின்னு தின்னு வயிறு முன்னால போவுது, மச்சான் பின்னால வராரு. இதுல ஒரு கைய நொழச்சாருன்னா இன்னொரு கை ரோட்டுல நிக்கும்” என்று செல்போனில் இருந்த உங்கள் போட்டோவைக் காட்டினார். உம்மா வெகுநேரம் பார்த்தார். “எனக்கு எப்பவும் கழுத்து வரைக்கும்தான் அனுப்புவாங்க” என்றார். பிறகு எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பள்ளிவாசல் மோதினாருக்குக் கொடுத்துவிட்டார். அவருக்கு அளவெடுத்தது போல இருக்கிறது. இன்று சாயங்காலம் அவர் அந்த வெள்ளைச் சட்டையில் நம் வாசலைக் கடந்து போனார். முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றுவிட்டார். மோதினாரின் முகம் இந்தப் பக்கம் திரும்பியதும் உட்கார்ந்துகொண்டார். நான் பார்த்தேன் என்பது உம்மாவுக்குத் தெரியாது.

ஆடிட்டர் ஆபீசில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது வாப்பா. ஜனவரியில் சேர்கிறேன். நம் குடும்பத்தில் முதல் டிகிரி என்று தம்மாமில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களாம், மாமா சொன்னார். அந்தத் தைரியத்தில் ஒன்று கேட்கிறேன். அக்ரிமென்டில் கையெழுத்துப் போடாதீர்கள். லீவுக்கு வர வேண்டாம், வந்துவிடுங்கள்.