பள்ளத்தில் இருந்த வாயு

சுண்ணாம்புப் பாறைமேல் வளர்ந்த ஒரு காட்டில், மிருகங்களெல்லாம் சமையல் சிலிண்டருக்கு வரிசையில் நின்று களைத்துப்போன காலத்தில், செங்கம்மா என்றோர் அழுங்கு, அதாவது செதில் போர்த்திய எறும்புதின்னி, வாழ்ந்தது. தரை உள்வாங்கிய ஒரு பள்ளத்தில் அதன் வளை.

காட்டுக்கு அடியிலேயே எரிவாயு இருப்பதாகக் கேள்விப்பட்ட சிங்கராஜா, தோண்டச் சொல்லி உத்தரவிட்டது. தலைமை நிபுணரான நரி கோட்டு மாட்டிக்கொண்டு ஒரு மேட்டில் ஏறி, "இங்கே" என்றது. தோண்டினார்கள். ஒன்றுமில்லை. அடுத்த மேட்டிலும் இறுகிய பாறைதான்.

செங்கம்மாவுக்கு விஷயம் தெரியும். எறும்பு தேடித் தேடிப் பள்ளத்தின் அடிவரை போய்வந்த பிராணி அது. ஆனால் சொன்னால் வளை போய்விடும். இரண்டு நாள் யோசித்தது. வரிசையில் நின்ற பிள்ளைத்தாச்சி முயல் மயங்கி விழுந்ததும், மனசு கேட்காமல் நரியின் அலுவலகத்துக்குப் போனது.

"ஐயா, பள்ளத்துக்கு அடியில் பாறை பிளந்திருக்கிறது. ஒரு காலத்தில் அந்தப் பிளவு வழியாக வெந்நீர் ஏறி, சுண்ணாம்புக்கல்லை டோலமைட் என்ற வேறொரு கல்லாக மாற்றி, தேனடை மாதிரிப் பொத்தலாக்கிவிட்டது. அதனால்தான் மேலே தரை உட்கார்ந்துபோனது. வாயு அந்தப் பொத்தல்களில்தான் அடைந்து கிடக்கிறது."

நரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தது. "என்ன படித்திருக்கிறாய்?"

"தோண்டியிருக்கிறேன், ஐயா."

"பள்ளத்தில் தண்ணீர்தான் தங்கும். ராஜாவைக் குழிக்குள் நிறுத்தித் திறப்பு விழா நடத்தச் சொல்கிறாயா? எதுவானாலும் படிவம் பதினேழில் எழுதி, மூன்று பிரதி கொடு."

செங்கம்மா எழுதிக் கொடுத்தது. நரி அதன்மேல் டீ டம்ளரை வைத்துக்கொண்டது.

மூன்றாவது மேட்டுக்குத் துளையிடும் இயந்திரத்தை இழுத்துப்போன பொம்மன் என்ற எருமை, பாதி வழியில் வழுக்கியது. எருமையும் இயந்திரமும் உருண்டுபோய்ச் செங்கம்மாவின் வளைமேல் விழுந்தன. செங்கம்மா வெளியே போயிருந்ததால் பிழைத்தது. இயந்திரத்தை மேலே ஏற்ற யாருக்கும் முதுகு வளையவில்லை.

"கிடக்கிற இடத்திலேயே துளையைப் போட்டுத் தொலையுங்கள்" என்றது நரி.

போட்டார்கள். வாயு சீறிக்கொண்டு வந்தது.

ராஜா குழிக்குள்ளேயே இறங்கி ரிப்பன் வெட்டியது. மேடுகளை ஒதுக்கிப் பள்ளத்தைத் தான் கண்டுபிடித்த முறை பற்றி நரி ஒரு மணி நேரம் பேசியது. பொம்மன் நிலவியல் துறைத் தலைவரானது. செங்கம்மா எழுந்து தன் படிவம் என்னவாயிற்று என்று கேட்டது. எரிவாயுக் களத்தில் அனுமதியின்றி வளை தோண்டிய குற்றத்துக்காக அதைக் காட்டைவிட்டே துரத்தினார்கள். முயல்களுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நகர்ந்தால் புது வாயுவுக்கான வரிசையில் இடம் போய்விடுமே என்று ஒன்றும் அசையவில்லை.

நீதி: உண்மை தெரிந்தால் விளக்கிக்கொண்டிருக்காதே, போய்ச் சரியான இடத்தில் வழுக்கி விழு. பதவி தானாக வரும்.